வசனம் தீர்ந்தால் இண்டூர் பஸ்

இண்டூர் மாயவன் தர்மபுரி புளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டே சிறுகதையும் எழுதி வந்தார். பத்திரிகைகளும் போட்டன, பாவம். அவர் கதைகளில் பெண்கள் இருமி இருமியே சாவார்கள். சாகிற நேரத்திலும் செந்தமிழ் தவறமாட்டார்கள். நாலு பேர் பாராட்டிக் கார்டு போட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. 1966இல் மண்டி வேலையை உதறிவிட்டு, சினிமாவுக்கு எழுதப்போகிறேன் என்று பெட்டியைக் கட்டினார்.

வாசலில் நின்ற மனைவி காசியம்மாள் சொன்னாள்: "காயிதம் தின்னா கழுதைக்காச்சும் வயிறு நெறையுது. உங்களுக்கு அதுவும் இல்லீங்களே."

மரியாதை குறையாத திட்டு. அதன் அருமை அப்போது அவருக்குத் தெரியவில்லை.

கோடம்பாக்கத்தில் ஒரு கம்பெனியின் கதை இலாகாவில் ஒண்டிக்கொண்டார். பஜ்ஜி தின்று தலையாட்டுவதுதான் அங்கே இலக்கியப் பணி. ஒருநாள் முதலாளி, "வில்லி பேசறது தமிழ் டீச்சர் பேசற மாதிரி இருக்கேய்யா" என்று முகம் சுளித்தார். பயந்துபோன மாயவன், காசியம்மாளின் கழுதைத் திட்டை அப்படியே வில்லி வசனமாகச் சொல்லிக் காட்டினார். அறையே கைதட்டியது.

அன்றிலிருந்து வழி கண்டுகொண்டார். வசனம் தீர்ந்தால் ஊருக்கு பஸ் ஏறுவார். களி குழைந்துவிட்டது, ஆட்டுக்குத் தழை போடவில்லை என்று எதையாவது கிளறுவார். காசியம்மாள் பொரிந்து தள்ளுவாள். மறுநாளே முகமெல்லாம் சிரிப்பாக மெட்ராஸ் திரும்பிவிடுவார். திட்டு வாங்கவே பஸ் செலவு செய்து வருகிற புருஷனை அவள் எங்கே கண்டாள்?

ஊரோ வேறு மாதிரி பேசியது. அவள் அண்ணன் மாதையன், "மாப்புள்ள அங்க ஓட்டல்ல எல எடுக்கறாராம்" என்று பரப்பிக்கொண்டிருந்தார். காசியம்மாளும் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "படத்துல உங்க பேர என் கண்ணால பாக்கணும். இல்லீன்னா மண்டி வேலைக்கே போங்க."

சண்டை போட்டுக் கெஞ்சி, ஒருவழியாக 1973இல் 'வசனம்: மாயவன்' என்று ஒரு படத்தில் பெயர் வாங்கினார். அது இண்டூர் டென்ட் கொட்டாய்க்கு வர இரண்டு வருடம் ஆனது. சலவை வேட்டியும் உறவுக்கூட்டமுமாக மணலில் போய் உட்கார்ந்தார். காசியம்மாள் பெண்கள் பக்கம் இருந்தாள்.

படம் நேராக ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது. யார் பெயரும் வரவில்லை.

"பிரிண்ட் நம்மூருக்கு வரதுக்குள்ள முன்னாடி பூரா அறுந்துபோச்சுங்க. வெட்டிட்டுத்தான் ஓட்டறோம்," என்றார் கொட்டாய்க்காரர் அன்வர் பாஷா. மாதையன் சத்தமாகவே சிரித்தார். மாயவனுக்கு உயிரே போய்விட்டது.

அப்போது திரையில் வில்லி தன் மருமகனைப் பார்த்து வாயைத் திறந்தாள்: "களி கொழஞ்சா என்னங்க? உங்களுக்குத்தான் மென்னு திங்கற வேலகூட ஆகாதே."

ஊருக்குத் தெரியாத பேச்சா அது? கொட்டாயே பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தது. மாதையன் மணலில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மாயவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து காசியம்மாள் விடுவிடுவென்று நடந்தாள். பின்னாலேயே ஓடிய மாயவன், "இப்பவாச்சும் நம்பறியா?" என்றார்.

அவள் நின்றாள். "நம்பறேங்க. பேசுனது பூரா நானு. உங்க பேரு எப்படிங்க வரும்?"

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அந்த மானங்கெட்ட கை, சட்டைப்பையில் பேனாவைத் தேடியது.