கூப்பிட்டுக் கெட்ட வழக்கு

தார்வாட் நீதிமன்றத்தில் நீலவ்வாதான் டவாலி. வாசலில் நின்று மூன்று தடவை பெயரைக் கூப்பிடுவது அவள் வேலை. கணவர் இறந்ததும் கருணை அடிப்படையில் கொடுத்தார்கள். பத்தொன்பது வருடமாகக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலைக் கேட்டால் எதிர்ச்சாலை டீக்கடையில் இருப்பவன் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவான். வழக்கே இல்லாதவனும் ஒரு நொடி தன் பெயரோ என்று திடுக்கிடுவான்.

இவ்வளவு குரல் இருந்தும் அவளுக்கு ஓர் ஆற்றாமை. அந்த அறையில் வக்கீல் பேசுகிறார், சாட்சி பேசுகிறான், அப்பட்டமாகப் பொய் சொல்கிறவன்கூட மணிக்கணக்கில் பேசுகிறான். நீலவ்வாவின் வாயிலிருந்து வருவதெல்லாம் அடுத்தவர் பெயர். சொந்தமாக நாலு வாக்கியம் அந்த மேடையைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. அதற்குக் கறுப்பு கவுன் வேண்டும். கவுனுக்குச் சட்டப் பட்டம் வேண்டும். தபாலில் படித்த பி.ஏ. கையில் இருந்தது. நாற்பத்தைந்து வயதில், மூன்று வருடச் சட்டப்படிப்பின் காலை வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். மேலிடம் படிக்க அனுமதித்தது சரியாக மூன்று வருடம். அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது என்று கடிதத்தில் அடிக்கோடே போட்டிருந்தார்கள்.

முதல் பருவத்தில் ஒப்பந்தச் சட்டம். நடத்தியவர் பேராசிரியர் ஹெப்பள்ளி. கடையில் பொருளைப் பரப்பி வைப்பது வெறும் அழைப்புதான், அதை விலைக்குக் கேட்கிறவர்தான் முன்மொழிகிறார் என்றார் அவர். நீலவ்வா எழுந்துவிட்டாள்.

"சார், செவ்வாய்ச் சந்தையில கத்திரிக்காயக் கூறு கட்டி வெச்சுக்கிட்டு விலையக் கத்துறாளே, அதுவுமா?"

"அதுவும் அழைப்புதான்."

"நான் பாதி விலைக்குக் கேட்டா?"

"நீங்க முன்மொழியுறீங்க."

"அவ என்னை வாயில வந்தபடி திட்டுனா?"

"முன்மொழிவ நிராகரிக்கிறான்னு அர்த்தம்."

அடுத்த செவ்வாயே சந்தையில் போய், "நான் முன்மொழியறேன், நீ ஏத்துக்கறியா?" என்று கேட்டுப் பார்த்தாள். "காசக் கீழ வெச்சுட்டு எத வேணா மொழிக்கா" என்றாள் கடைக்காரி. நீலவ்வா அறிந்தவரையில் ஒப்பந்தச் சட்டத்தின் முழுச் சாரமும் அதுதான்.

குடும்பச் சட்டம் அவளை இரண்டு நாள் பட்டினி போட்டது. யார் யாரை மணக்கக் கூடாது என்ற பட்டியலில் தாய்மாமன் இருந்தார். நீலவ்வா கட்டிக்கொண்டது தாய்மாமனைத்தான்! செத்துப்போன மனிதரோடு நடந்த கல்யாணம் இப்போது செல்லாமல் போய், வேலையும் போய்விடுமோ என்று பயந்தே போனாள். மூன்றாம் நாள் அடுத்த வரியைப் படித்தாள். குலத்தில் அந்த வழக்கம் இருந்தால் செல்லும் என்று போட்டிருந்தது. கணவரின் படத்துக்குப் பூ வைத்து, "தப்பிச்சீங்க" என்றாள்.

குற்றவியல் இன்னொரு கூத்து. பிரிவு எண்களை ராப்பகலாக மனப்பாடம் செய்து முடிக்கவும் அரசாங்கம் சட்டத்தையே மாற்றவும் சரியாக இருந்தது. கொலைக்கு முந்நூற்று இரண்டு போய் நூற்று மூன்று வந்தது. நானூற்று இருபதும் போயிற்று. ஏமாற்றுக்காரனை முந்நூற்றுப் பதினெட்டே என்று திட்டிப் பார்த்தாள், யாருக்கும் உறைக்கவில்லை. அரசியல் சாசனம், சாட்சியச் சட்டம், பிறக்காத குழந்தைக்குச் சொத்து எழுதிவைக்கும் சட்டம் என்று எல்லாவற்றிலும் எப்படியோ கரையேறினாள்.

கடைசிப் பருவத்தில் மாதிரி நீதிமன்றம். பேராசிரியர் நீதிபதியாக உட்காருவார். மாணவர்கள் கற்பனை வழக்கில் மூன்று தடவை வாதாட வேண்டும். இரண்டை முடித்துவிட்டாள். மூன்றாவது, தனியாக நிற்க வேண்டிய வழக்கு. கல்லப்பா என்பவர் பேடா தின்னும்போது உள்ளே கிடந்த பாக்கில் பல் உடைந்து, இனிப்புக் கடைமேல் நஷ்டஈடு கேட்கிறார். கல்லப்பாவுக்கு வக்கீல் நீலவ்வா. கடைக்கு வக்கீல், அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் இருபத்துமூன்று வயது ஸ்பூர்த்தி.

ஹெப்பள்ளி நாற்காலியில் அமர்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வழக்கைக் கூப்பிடுங்க" என்றார்.

யோசிப்பதற்குள் நீலவ்வாவின் கால்கள் வாசலுக்குப் போய்விட்டன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வராந்தாவைப் பார்த்து, "கல்லப்பா! கல்லப்பா! கல்லப்பா!" என்று மூன்று விட்டாள். மாடியில் முதலாண்டு வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றதாம். கற்பனை ஆசாமி எங்கிருந்து வருவார்? அவள் திரும்பி வந்து கைகட்டி நின்று, தன் நீதிமன்றத்தில் நீதிபதியை விளிக்கும் வழக்கப்படியே சொன்னாள்.

"கூப்பிட்டாச்சு மகாசுவாமி. யாரும் வரல."

ஸ்பூர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஹெப்பள்ளி நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

"வாதி வரல. பிரதிவாதி ஆஜர். ஒன்பதாம் கட்டளை, எட்டாம் விதி. வழக்கு தள்ளுபடி."

"ஐயோ சார், வாதியோட வக்கீலே நான்தான்!"

"வாதி வரலன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"பின்ன? டவாலி சொல்றத நம்பாம நான் வேற யாரை நம்பறது?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நீலவ்வாவும் சேர்ந்துதான் சிரித்தாள், பேருந்து நிறுத்தம் வரைக்கும். அங்கே அழுகை வந்துவிட்டது. வாதம் நடக்காததால் மதிப்பெண் இல்லை; மூன்றும் முடியாமல் பட்டம் இல்லை; அடுத்த வருடம் எழுத அனுமதி இல்லை.

"அழாதீங்கக்கா, சார் விளையாட்டுக்குத்தான் பண்ணாரு" என்றாள் ஸ்பூர்த்தி.

"விளையாட்டுக்குப் பண்ணாலும் பதிவேட்டுல மையாலதானேடி எழுதியிருக்காரு."

அன்றைக்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் பிரித்தாள். தள்ளுபடியான வழக்கைத் தகுந்த காரணம் காட்டினால் திரும்ப எடுக்கலாம் என்று ஒன்பதாம் கட்டளையிலேயே ஒன்பதாம் விதி சொன்னது. பின்னோக்கிப் புரட்டினாள். மூன்றாம் கட்டளையில் ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுநாள் ஸ்பூர்த்தியிடம் காட்டப் போனால், அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "எங்கிட்டச் சொல்லாதீங்கக்கா, நான் எதிர்க்கட்சி. தொழில்நெறி பேப்பர்ல ஃபெயிலாக்கிடுவாங்க!"

அடுத்த வாரம் நீலவ்வா மனுவோடு நின்றாள். இம்முறை வழக்கைக் கூப்பிட ஹெப்பள்ளி வேறொரு மாணவனை வாசலில் நிறுத்தியிருந்தார்.

"என்ன காரணம் சொல்றீங்க?"

"மகாசுவாமி, வக்கீல் நின்னா கட்சிக்காரர் நின்ன மாதிரி. மூணாம் கட்டளை, முதல் விதி. அன்னைக்கு வக்கீல் இங்கேயே இருந்தா. டவாலி வாசலப் பாத்துக் கூப்பிட்டாளே தவிர, உள்ளே திரும்பிப் பாக்கல."

"டவாலி மேல குத்தம் சொல்றீங்களா?"

"ஆமா மகாசுவாமி. அவள எனக்கு நல்லாத் தெரியும்."

சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். பிறகு அவள் பேசியது மனுவில் இல்லாதது.

"அவ கெட்டவ இல்ல. வரலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அந்த ஆளுக்கு என்ன ஆகும்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரல. இந்தப் புஸ்தகத்துலதான் படிச்சா. பத்தொன்பது வருஷத்துல அவ கூப்பிட்டு வராமப்போனவங்க எத்தனையோ பேரு. அதுல பஸ் கிடைக்காதவங்க எத்தன பேரு, பின்னாடி பெஞ்சுலயே காது கேக்காம உக்காந்திருந்தவங்க எத்தன பேரு, மகாசுவாமி? நெனச்சா அவளுக்கு இப்பல்லாம் சோறு எறங்கல."

குரல் உடைந்துவிட்டது. ஹெப்பள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்த விதிய நடத்துறேன். என் கண்ணு முன்னாடியே வக்கீல் நின்னாங்க, நானும் பாக்கல. தள்ளுபடி ரத்து. செலவுத்தொகையா, வாதி தரப்பு வகுப்புக்கே கிர்மிட் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கித் தரணும்." பேனாவை மூடினார். "சரி, பேடா கேஸ வாதாடுங்க."

நீலவ்வா பன்னிரண்டு நிமிடம் வாதாடினாள். பல்லின் அருமையைப் பற்றி மட்டும் நாலு நிமிடம். ஸ்பூர்த்தி எழுந்து ஒரே நிமிடம்தான் பேசினாள். பல் உடைந்த பிறகும் கல்லப்பா உட்கார்ந்து மிச்சமிருந்த ஆறு பேடாவையும் தின்று தீர்த்ததை வாக்குமூலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அவற்றோடு பாக்கும் விழுங்கப்பட்டுவிட்டது, சாட்சியம் எதுவும் இல்லை. வழக்கு தள்ளுபடி. வாதத்துக்கு மதிப்பெண், பத்துக்கு எட்டு.

வெளியே வந்ததும் ஸ்பூர்த்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா. அந்த ஆறு பேடாவச் சொல்லாம விட்டுடலாம்னுதான் பாத்தேன், மனசு கேக்கல. உங்க கேஸ் தோத்துப்போச்சு."

"போடி பைத்தியம், எதுக்குடி மன்னிப்பு?" என்றாள் நீலவ்வா. கண்ணில் நீர், வாயெல்லாம் பல். "போன வாரமும் தள்ளுனாரு, இன்னைக்கும் தள்ளுனாரு. ஆனா இன்னைக்கு நான் சொன்ன அத்தனையும் கேட்டுட்டுல்ல தள்ளுனாரு!"