ஆமோதிக்க ஆள் இல்லாத தீர்மானம்

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் வார்டில் நின்று ஜெயித்து டவுன் பஞ்சாயத்து மெம்பரும் ஆகியிருந்தார். வீட்டுக் குழாய் ஒழுகினால் வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர், தெருக்குழாய் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். எனக்குக் கோபமும் வரும், பெருமையாகவும் இருக்கும்.

கோவளத்திலிருந்து வரும் மீன்காரப் பெண்கள் சாயங்காலம் ஸ்டேஷன் ரோட்டில் கூடை இறக்குவார்கள். ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று, அங்கே மீன் விற்கத் தடை போட்டு அவர்களை ஏரிக்கரைக்கு அனுப்ப ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து வார்டு மெம்பர், என் கணவரின் உயிர் நண்பர். தேர்தலில் எங்களுக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். ஒருவர் கொண்டுவரும் தீர்மானத்தை இன்னொருவர் எழுந்து ஆமோதிக்க வேண்டும். அப்புறம்தான் ஓட்டுக்கு விடுவார்கள். தான் ஆமோதிப்பதாக என் கணவர் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

விஷயம் எப்படியோ தெரிந்து, எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிற பெண் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா இது? ஏரிக்கரைல நரிதான் மீன் வாங்க வரும். ரெண்டு பொண்ண வெச்சிகினு நான் எங்க போவேன்?"

கூட்டத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம், பேசத்தான் கூடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டேன்.

பின் பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். கூடையை வெளியே வைத்தும் வாசனை எங்களோடு உள்ளே வந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் இவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமே! நண்பர் தீர்மானத்தைப் படித்து முடித்தார். ஆமோதிப்பது யார் என்று கேட்டுவிட்டுத் தலைவர் இவரைப் பார்த்தார். இவர் பாதி எழுந்தார். பக்கத்திலிருந்தவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம் சார். ஏரிக்கரையில தண்ணிக் குழாய் இருக்கா? லைட்டு?" என்று கேட்டார் இவர்.

"இனிமேதான் போடணும்" என்றார் தலைவர்.

"அப்ப அதப் போட்டுட்டு வாங்க சார், ஆமோதிக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. அவர்களில் பாதிப் பேர் அவளிடம் மீன் வாங்குகிறவர்கள். ஆமோதிப்பார் இல்லாததால் தீர்மானம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாக்கா சொல்றாரு?" என்று என்னைக் குடைந்தாள். நாளைக்கும் அதே இடத்தில் கூடை இறக்கலாம் என்றதும், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நண்பர் வெகுநாள் எங்களோடு பேசவில்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அந்த வருத்தம் இவரை அரித்தது. "தப்புப் பண்ணிட்டேனோ?" என்று என்னிடம் கேட்பார். இல்லவே இல்லை என்பேன்.

இவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. மெம்பராக எழுந்து நின்று பேசியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ஆனால், உயிர் நண்பரை இழப்போம் என்று தெரிந்தும் அன்று ஆமோதிக்காமல் உட்கார்ந்துவிட்டாரே, அதை நினைக்கும்போதெல்லாம் இப்படி ஒரு மனிதரை எனக்குக் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றுகிறது.