இரண்டு வாய்க்கும் திருநீறு

என் மாமாவின் காருக்குக் கூரை கிடையாது. சின்ன வயதில் இதைச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். "மழை பேஞ்சா என்னா செய்வாரு?" என்று கேட்பார்கள். நனைவார், வேறென்ன செய்வார்? முன்பு கென்வஸ் துணியில் மடக்குக் கூரை ஒன்று இருந்ததாம். அதை எலி தின்றுவிட்டது.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு டொக்டர் மாத்தையா, "நீயே வச்சுக்க பாஸ், வேற யாருக்கும் இது அடங்காது" என்று மாமாவிடம் விட்டுவிட்டுப் போனார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் கட்டாதவர். கண்டியில், மஹய்யாவவில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். வீட்டோடு ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான் அவருடைய கராஜ்.

மலை ரோட்டில் கார் ரேஸ் ஓடுகிற பணக்காரப் பிள்ளைகள் பலர் அந்தக் கொட்டகைக்குத்தான் வருவார்கள். மாமா கை வைத்த கார் ஏறும் என்று ஊரில் பேச்சு. ஏறவும் செய்தது. ஆனால் கோப்பையோடு படம் பிடிக்கும்போது மட்டும் மாமாவை யாரும் கூப்பிடுவதில்லை. ஜெயித்தவன் கொண்டுவந்து தரும் கேக்கை எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, "நம்ம காரு ஒன்னு ஏறட்டும் புள்ள, அப்ப பாப்போம்" என்பார். பதினெட்டு வருஷம் மற்றவன் காரை ஓட வைத்த மனிதருக்கு, ஒரே ஒரு தடவை தன் பேரில் ஒரு கார் ஓட வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான் ஆசை. அது ஒன்றும் பேராசை இல்லையே.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருஷம் அந்த வேலையில் இறங்கினார். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு லேத் கடையில் கொடுத்து மெலிசாக இழைப்பித்தார். உள்ளே அமுக்கம் கூடினால் இழுவை கூடுமாம். கனத்தைக் குறைக்க பம்பர், ஸ்பேர் டயர், பக்கத்து சீட் எல்லாம் கழன்றன. சீட் எங்கள் குசினிக்கு வந்து சேர்ந்தது. அம்மா அதில் சாய்ந்துகொண்டுதான் அரிசியில் கல் பொறுக்குவார். "ஒரு பொண்ணப் பாருடான்னா, இவன் இந்தத் தகரத்துக்குச் சிங்காரிச்சுக்கிட்டு இருக்கான்" என்று திட்டுவதும் அந்தச் சீட்டில் இருந்துகொண்டுதான்.

கடைசியாக எயார் ஃபில்ட்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற இரண்டு காபரேட்டருக்கும் அலுமினியத்தில் புனல்போல இரண்டு வாய் கடைந்து பூட்டினார். "இதுதான் புள்ள வாயி. இனிமே மூக்கடைப்பு இல்லாம மூச்சு இழுக்கும்" என்று எனக்குக் காட்டினார். கார் நிற்கும் நேரமெல்லாம், தூசி போகாதபடி இரண்டு வாயிலும் வெள்ளைத் துணி அடைத்து வைத்திருப்பார். ரேஸுக்கு முந்தின நாள், போர்டு எழுதுகிற ஒருவரைக் கூட்டிவந்து கதவில் தன் பேரைத் தமிழில் எழுதுவித்தார். எழுதி முடிந்த பிறகு தள்ளி நின்று பார்த்தார். அப்புறம் வேறு பக்கத்தில் நின்று பார்த்தார். அம்மாகூட குசினிச் சீட்டை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

ரேஸ் ஹந்தானைப் பக்கம், ஒரு மலை ரோட்டில். ஒவ்வொரு காராக விடுவார்கள். குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேருகிறவன் ஜெயித்தவன். நாங்களும் போனோம். அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, கோயிலில் இருந்து கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "மாமாவுக்குப் பூசி விடு" என்றார்.

மாமாவுக்குப் பூசினேன். அடுத்து ஓட வேண்டியது அவருடைய கார். எஞ்சின் மூடியைத் திறந்து, துணி இரண்டையும் உருவி எடுத்தார். அதே நேரத்தில் யாரோ கையெழுத்துப் போடக் கூப்பிட, ஓடினார். அம்மா சூடத் தட்டைக் கழுவ, ரோட்டோரம் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போயிருந்தார். காருக்குப் பக்கத்தில் நான் மட்டும். என் முன்னால் திறந்தபடி இரண்டு வாய்.

எங்களுக்குக் காய்ச்சல் வந்தால், கோயில் பூசாரி நெற்றியில் பூசிவிட்டு, "ஆ காட்டு" என்று வாயிலும் ஒரு சிட்டிகை போடுவார். போட்டால்தான் சுகம் உள்ளே இறங்கும் என்பார் அம்மா. மாமாவுக்குப் பூசியாயிற்று. உண்மையில் மலை ஏறப்போவது யார்? மாமாவா, எஞ்சினா? பாவம், அதற்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லையே என்று எனக்குத் தோன்றியது. தூசி போகக் கூடாது என்பது தெரியும். ஆனால் திருநீறு தூசியா என்ன?

ஒரு வாய்க்கு ஒரு சிட்டிகை போட்டேன். போதாதுபோல இருந்தது. பொட்டலத்தில் மிச்சமிருந்ததை இரண்டுக்கும் சமமாகப் பங்கு வைத்துக் கொட்டினேன். ஓரத்தில் சிந்தியதைச் சட்டையால் துடைத்தும் விட்டேன். அத்தனை பொறுப்பான பிள்ளை!

மாமா ஓடி வந்தார், மூடியை அறைந்து சாத்தினார், ஏறினார். ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் இரண்டு தடவை இருமி, அப்புறம் பிடித்துக்கொண்டது. கொடி விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முதல் வளைவில் சனம் கையைத் தட்டியது. இரண்டாவது வளைவில் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவில் 'டப்' என்று ஒரு வெடி. பிறகு வெள்ளைப் புகை மட்டும் தெரிந்தது.

மாமா காரை எஞ்சின் ஓடாமலே பின்னுக்கு உருட்டி இறக்கிக்கொண்டு வந்தார். சனம் வந்து சேருமுன் மூடியைத் திறந்து, ஒரு வாய்க்குள் விரலை விட்டார். சாம்பல் நிறத்தில் சேறுபோல ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் வெறும் பொட்டலம், சட்டையில் வெள்ளைத் தடம். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். என்னமோ நல்லது செய்தேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா அந்த விரலைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டார். மிச்சத்தை வெள்ளைத் துணியால் அவசரமாக வழித்தெடுத்துக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார். சனம் சூழ்ந்து, "என்னா பாஸ், என்னா ஆச்சு?" என்று கேட்டபோது, "ஹெட்ட ரொம்ப இழைச்சிட்டேன். என் பிழதான்" என்றார்.

தன் காரையே பாஸால் ஏற்ற முடியவில்லை என்று ஊரெல்லாம் கதை. ரேஸ் கார்கள் வேறு கராஜுக்குப் போயின. கொட்டகையில் மோட்டார் சைக்கிள் மட்டும் வரும், பிறகு அதுவும் குறைந்தது. அந்தக் காரை யாரோ விலைக்கு வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், கதவில் மாமாவின் பேரோடு. சீட் மட்டும் குசினியிலேயே தங்கிவிட்டது. "ஆசப்பட்டு அளவு தப்பிட்டியேடா" என்று அம்மா எத்தனையோ தடவை அழுதிருக்கிறார். மாமா ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. எனக்கும் மாமாமேல் கொஞ்சம் கோபம் இருந்தது. நான் திருநீறு போட்டும் கெடுத்துவிட்டாரே என்று!

போன வருஷம் எங்கள் ஆட்டோ பாதி வழியில் நின்றது. மாமாவின் கருமாதி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மடவளையில் மெக்கானிக் பையன் காபரேட்டரைப் பிரித்து, "ஃபில்ட்டர் கிழிஞ்சி உள்ளுக்குத் தூசி போயிருக்கு அக்கா. பெட்ரோல் வர்ற ஓட்டை அடைபட்டா, எஞ்சின் காஞ்சி பிஸ்டனே உருகிடும்" என்றான்.

"திருநீறு போனாலுமா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "சாமிக்குத் தெரியும், எஞ்சினுக்குத் தெரியுமா அக்கா?"

கராஜ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ரேஸ் நடந்து இரண்டு வருஷத்தில் மாமா கத்தாருக்கு வேலைக்குப் போனார். கண்டி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப நின்றோம். அம்மா பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, வழக்கம்போல, "மாமாவுக்குப் பூசி விடு" என்றார். மாமா குனிந்து நெற்றியைக் காட்டினார். பூசினேன். அவர் நிமிரவில்லை. அப்படியே குனிந்தபடி, சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்தார்.

"இங்கயும் போடு புள்ள. நல்லா ஓடணுமில்ல?"

எனக்கு ஒரே சிரிப்பு. தாராளமாகவே போட்டேன். மாமாவுக்குப் புரையேறி, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. திருநீறு தொண்டையில் அடைத்துவிட்டது என்று நினைத்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினேன்.