பக்கத்து வீடு வழியாக டொரண்டோ

தம்பி இன்று டொரண்டோ கிளம்புகிறான். பதிமூவாயிரம் கிலோமீட்டர், இரண்டு விமானம், ஏறக்குறைய ஒரு முழு நாள் என்று ஒரு வாரமாகத் தெருவுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் ராகுகாலம். அதனால் அம்மா விடியற்காலை நல்ல நேரத்திலேயே அவனுடைய கைப்பையைப் பக்கத்து வீட்டில் வைத்துப் பரஸ்தானம் செய்துவிட்டார். பை கிளம்பினால் ஆளே கிளம்பிய கணக்கு. பாஸ்போர்ட்டும் அதற்குள்தான் இருக்கிறது.

இப்போது வாசலில் கார் நிற்கிறது. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

அந்த வீட்டு சரோஜா அத்தைக்குப் போன் போட்டேன்.

"மீன் வாங்க மீமிசலுக்கு வந்துட்டேன்த்தா. பயப்படாதீங்க, பைய உள்ள வச்சு நல்லா பூட்டிட்டுத்தான் வந்துருக்கேன்!"

"பூட்ட ஒடச்சிரவா?" என்றான் தம்பி.

"போற நேரத்துல அபசகுனமாப் பேசாதடா. நீதான் காலையிலயே கெளம்பிட்டேல்ல, அப்பறம் என்ன அவசரம்?" என்றார் அம்மா.

ஆக, சாஸ்திரப்படி தம்பி காலையிலிருந்தே பயணத்தில் இருக்கிறான். இதுவரை பத்தடி போயிருக்கிறான்.

மீமிசலில் யாராவது இருக்கிறீர்களா? மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு ஓர் அத்தை நின்றால், தயவுசெய்து புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். பேரம் படியாவிட்டாலும் பரவாயில்லை, சாவி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.