மாடிமேல் மூன்று வரிசைச் செங்கல்

மெத்தைக்காரர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு குளம் இருந்தது. யாரும் வெட்டிய குளமல்ல. மழை பெய்தால் தானாக நிரம்பும், மழை ஓய்ந்தாலும் போக மனமில்லாமல் நிற்கும். காக்கைகள் கூட்டமாக வந்து குளித்துவிட்டுப் போகும். ஒரு வருஷம் நாரை ஒன்று அதில் ஒற்றைக் காலில் நின்றதை எதிர்வீட்டுக்காரி தன் கண்ணால் பார்த்தாளாம். துருவிக் கேட்டால் வாயில் மீனோடு பார்த்தேன் என்பாள். மீனை விட்டுவிடலாம், நாரையை நம்பலாம்.

அந்தக் குளத்துக்கு நேர் கீழேதான் மெத்தைக்காரரின் மனைவி படுக்கிற அறை.

மழை நின்றதும் மெத்தைக்காரர் வாளியும் குவளையுமாக மேலே ஏறிவிடுவார். குனிந்து குனிந்து மொண்டு, கைப்பிடிச் சுவருக்கு வெளியே தெருவில் கொட்டுவார். வானம் பளிச்சென்று வெளுத்த பிறகும் அந்த வீட்டைத் தாண்டும்வரை ஜனங்கள் குடையை மடக்க மாட்டார்கள். வெயில் காலம் வந்தால் வேறு வேலை. விரிசலைச் சுரண்டி சிமெண்ட் பால் ஊற்றுவார். தார் பூசுவார். தாரின்மேல் சாக்கை விரித்து, அதன்மேல் மறுபடி தார் பூசுவார். மெத்தைக்குள் பஞ்சை அடைத்து அடைத்துப் பழகிய கை. எதையும் அடைத்தால் சரியாகிவிடும் என்று நம்பியது. தளம் வருஷா வருஷம் தடித்ததே தவிர ஒழுகல் நிற்கவில்லை. கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு ஈரக்கறை, முதலில் தோசைக்கல் அகலம் இருந்தது, பிறகு பாய் அகலம் ஆயிற்று.

இத்தனைக்கும் ஒழுகலுக்கு என்ன காரணம் என்பது அந்தத் தெருவில் தவழ்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். மெத்தைக்காரருக்கும் தெரியும். அவர் கையால் கட்டியதுதானே.

வீடு அப்பா விட்டுப்போனது. அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு சுவர், இரண்டு வாசல், மாடி மட்டும் பொது. தம்பி பஸ் டிரைவர். ஒருநாள் மெத்தைக்காரர் பழைய மெத்தையைப் பிரித்து மாடியில் பஞ்சைக் காயப் போட்டிருந்தார். தம்பியின் காக்கிச் சட்டை ஈரத்தோடு கொடியில் தொங்கியது. காற்று ஒரு சுற்றுச் சுற்றியது, அவ்வளவுதான். தம்பி மறுநாள் விடியாத வேளையில், இருட்டில் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு செம்மறியாடு உட்கார்ந்திருக்கிறது. கண்டக்டர் விசில் ஊதவேண்டிய இடத்திலெல்லாம் "மே" என்றாராம். பஸ் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொன்னால் "மே", கிளம்பச் சொன்னால் "மே மே."

சாயங்காலம் தம்பி வந்து வாசலில் நின்றார். "பாத்துக் காயப் போடக் கூடாதாண்ணே? மானம் போச்சு."

மெத்தைக்காரர் தணிந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு, "ரோமம் வெட்டணும்னா கத்திரிக்கோல் உள்ள இருக்குடா" என்றார்.

தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. "பாதி மாடி என்னுது. உன் பஞ்சு உன் பாதியில இருக்கட்டும். கோடு போட்டு வச்சுக்க."

"கோடு எதுக்கு? சுவரே வைக்கிறேன்."

வைத்தார். மாடிக்கு நட்டநடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று வரிசைச் செங்கல். ஊரைக் காக்கும் அணையைக்கூட அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்க மாட்டார்கள். கோபத்தில் ஒன்றை மட்டும் மறந்தார். தளத்தில் தண்ணீர் ஓடுகிற வாட்டம் முழுக்கத் தம்பி பக்கம். மழைத்தண்ணீர் இறங்குகிற குழாயும் அங்கேதான். பறக்கிற பஞ்சை மூன்று வரிசைச் செங்கல் என்ன செய்யும்? அது பாட்டுக்குப் பறந்தது. நின்றது தண்ணீர்தான். தன் பக்கக் கோடியில் புதிதாக ஒரு துளை போட்டுப் பார்த்தார். அது மேட்டில் இருந்தது. மேடேறி வந்து இறங்குகிற அளவுக்குத் தண்ணீருக்கு மரியாதை தெரியவில்லை.

அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. பெண்கள் இருவரும் நிறுத்தவில்லை. கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கும்போது இந்தப் பக்கத்து நியாயம் அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்து வம்பு இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. நடுவில் மெத்தைக்காரரின் மனைவிக்கு இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் மழைக்காலத்து விருந்தாளி, பிறகு வருஷம் முழுக்கத் தங்கிவிட்டது. டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு மெத்தைக்காரரிடம் சொன்னார். "மருந்து நான் தரேன். ஈரம் ஊறி ஓதம் அடிக்கிற ரூம்ல இன்னொரு மழைக்காலம் படுத்தாங்கன்னா தாங்காதுங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"எடுத்துடுங்களேன். மூணு வரிசைதானே."

"அவன் வந்து சொல்லட்டும்."

"தம்பி என்ன சொல்லுது தெரியுமா? கட்டுனவரு வந்து சொல்லட்டும்னுது."

"பாத்தியா திமிர!"

"பாத்தேன். ரெண்டும் ஒரே அச்சு." அதற்கு மேல் பேசவிடாமல் இருமல் வந்தது.

திமிர் மட்டுமென்றால் மெத்தைக்காரர் எப்போதோ கடப்பாரையைத் தூக்கியிருப்பார். அவருக்குள் வேறொரு பயம் உட்கார்ந்திருந்தது. தடுப்பை உடைத்தால் ஒழுகல் நிற்கும். நின்றுவிட்டால், இத்தனை வருஷத்து இருமலுக்கும் அந்தத் தடுப்புதான் காரணம் என்று ஆகிவிடும். உடைக்காதவரை விரிசலைச் சொல்லலாம், சிமெண்டைச் சொல்லலாம், வானத்தைச் சொல்லலாம். அந்த வருஷமும் தார் வாங்கிவந்து பூசினார்.

முதல் மழைக்குக் கறையிலிருந்து சொட்டு விழுந்தது, நேராகத் தலையணையில். மனைவி எழுந்தார். தலையணையை உதறி, அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்ட?"

"பக்கத்து வீட்டுக்கு. அங்க ஒழுகல."

"அந்த வாசப்படிய மிதிச்ச..."

"மிதிச்சா?" என்று நின்று கேட்டார்.

மெத்தைக்காரர் சொட்டுக்கு நேராக வாளியை இழுத்து வைத்தார். மனைவி வாளியைப் பார்த்தார். "உங்க தடுப்பு நல்லா இருக்கட்டும். எனக்கு மூச்சு வேணும்" என்று சொல்லி இறங்கிப் போனார். ஒரு வாசலில் இறங்கி அடுத்த வாசலில் ஏறுவதற்குள் தோளெல்லாம் நனைந்துவிட்டது. "உள்ள வாங்கக்கா, உள்ள வாங்க" என்று தம்பி மனைவியின் குரல் கேட்டது. கதவு சாத்திய சத்தமும் கேட்டது.

அதன் பிறகு மெத்தைக்காரர் சுவரோரமாக உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். அங்கே வெளிச்சம் போதாது. ஆனால் அந்தப் பக்கத்து இருமல் நன்றாகக் கேட்கும். இருமலை வைத்தே மனைவி உட்கார்ந்திருக்கிறாளா படுத்திருக்கிறாளா என்று சொல்லிவிடுவார். ஊசி ஒருபக்கம் போக, காது ஒருபக்கம் போக, அந்த மாதம் தைத்த தலையணைகளில் பாதி கோணல்.

ஒரு மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி எதையோ சொல்கிறாள், நடுவில் "மே" என்கிறாள். அந்தப் பழைய கதைதான். மனைவி சிரித்தார். மெத்தைக்காரர் ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்தச் சிரிப்பு எப்போதும் பாதியில் முறிந்து இருமலாகிவிடும், அதை எதிர்பார்த்துப் பழகியிருந்தார். அன்று முறியவில்லை. சிரிப்பு ஏறி, இறங்கி, தானாக ஓய்ந்தது.

மெத்தைக்காரர் எழுந்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழையிலேயே மாடி ஏறினார்.

கெட்டியாகக் கட்டியதன் பலனை அன்று அவர் முட்டிதான் அனுபவித்தது. கடப்பாரை தெறித்துத் தெறித்துத் திரும்பியது. ஒரு செங்கல் அகலத்துக்கு வழி பிறப்பதற்குள் கை இரண்டும் மரத்துப்போயின. பிறந்ததும் தண்ணீர் யாரையும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் வாசலிலேயே நிறுத்திவைத்த விருந்தாளி மாதிரி திபுதிபுவென்று நுழைந்து, தம்பி பக்கம் ஓடி, குழாயில் இறங்கிப் போய்விட்டது. ஒரு குளம் காலியாக ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மெத்தைக்காரர் வெறும் தளத்தைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்.

மறுநாள் மனைவி வந்தார். யாரும் போய்க் கூப்பிடவில்லை. குழாயில் விழுந்த தண்ணீர்ச் சத்தமே போய்ச் சொல்லியிருக்கும். அறைக்குள் நின்று கூரையைப் பார்த்தார். சொட்டு இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தார், எடுத்தபோது கையில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"குடிச்ச தண்ணிய சுவரு கக்க வேணாமா? காயட்டும், வரேன்."

"சீக்கிரம் காஞ்சிடும்."

"காஞ்சதும் சொல்லுங்க" என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "நேத்தே கைய சுடுதண்ணில வச்சீங்களா?" என்றார்.

மெத்தைக்காரர் தினமும் காலையில் ஒரு கொத்துப் பஞ்சை எடுத்துச் சுவரில் அழுத்துவார். ஈரம் இருந்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. மழைவிட்ட நாட்களில் ஜன்னலைத் திறந்துவைத்து, கரியடுப்பு மூட்டிவைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. பஸ்ஸில் உட்கார்ந்த ஆட்டின் விலாவைப் போல இருந்தது அந்த அறை. நல்ல இலவம் பஞ்சில் மனைவிக்கென்று ஒரு மெத்தை தைத்தார். அதை ஓதத்தில் போட மனமில்லாமல், தம்பி வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் வந்துவிட்டார்.

சுவர் குடித்ததைப்போல மனைவியின் நெஞ்சும் குடித்துவைத்திருந்தது. தண்ணீருக்கு வழிவிட்டதும் அது உடனே காய்ந்துவிடுமா என்ன? மழை முடிந்து பனி வந்தபோது, அந்தப் புது மெத்தையில், தம்பி வீட்டின் சொட்டு விழாத அறையில், மனைவியின் மூச்சு நின்றுவிட்டது. தம்பிதான் ஓடிவந்தார். வாசலில் நின்று, "அண்ணே" என்றார். இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தை.

கோடையில் ஒருநாள் பஞ்சு சுவரில் ஒட்டவில்லை. வைத்த பஞ்சு கீழே விழுந்தது. பழையதும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மெத்தைக்காரர் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு மாடிக்குப் போய் வெயிலில் பரப்பினார். கொடியிலிருந்து சட்டையை எடுக்கத் தம்பி வந்தார். செங்கல் வரிசையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"மிச்சத்தையும் எடுத்துடலாமாண்ணே?"

"இருக்கட்டும்டா. உக்கார ஆகும்."

தம்பி தன் பக்கத்தில் உட்கார்ந்தார், அண்ணன் தன் பக்கத்தில். முதுகுக்கு முதுகு. நடுவில் அந்த ஒரு செங்கல் இடைவெளி. காற்று அடித்தது. பஞ்சு எழும்பிப் போய்க் கொடியில் தொங்கிய காக்கிச் சட்டையின் தோளில் உட்கார்ந்தது. அதை மெத்தைக்காரரும் திரும்பிப் பார்த்தார், தம்பியும் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.