நூற்றுப் பதினான்கு மில்லிமீற்றர்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் யாராவது "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால், "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். உண்மையைச் சொன்ன காலமும் உண்டு. ஆப்பிரிக்காவில் மெலிந்துபோன பிள்ளைகளின் அளவுகளைப் பார்க்கிறேன் என்றதும் முகம் வாடும். "பாவம் பிள்ளையள்" என்பார்கள். அடுத்த கணம், பற்றிஸ் பலகாரம் முடிந்துவிடுமே என்று மேசைப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த எண்களை நாள் முழுக்கப் பார்க்கும் நானும் மத்தியானம் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறேன்.

வேலை இதுதான். சுகாதார நிலையங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இடது மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளப்பார்கள். நாடாவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். நூற்றுப் பதினைந்து மில்லிமீற்றருக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பில் விழுந்த பிள்ளைக்கு வாராவாரம் கச்சான் கடலையில் செய்த சத்துணவு பைக்கற் கிடைக்கும். நூற்றுப் பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் நான் சொல்லப்போகும் மாவட்டத்தில் ஒன்றும் கிடையாது. தாய்க்கு நாலு வார்த்தை புத்திமதி சொல்லி அனுப்புவார்கள். அளவுகள் பதிவேட்டில் ஏறி, அங்கிருந்து ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அவற்றை நம்பலாமா என்று பார்த்து ஒரு குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. அடுத்த பசி மாதங்களுக்கு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்புவது என்பது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவாகும். நாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

என்னோடு வேலை செய்பவர் கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது. ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் வாடகை குறைவு என்று அங்கே இருக்கிறார். காலையில் அங்கிருந்து வரும் ரயிலில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வைப்பார். நான் வழியில் ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் ஏறுவேன். என் தமிழ் அவருக்கு வேடிக்கை. நான் "நீர்" என்று கூப்பிட்டால் ராஜா வேஷம் போட்டது மாதிரி இருக்கிறதாம். அவர் ஒரு வசனத்தில் எத்தனை ஆங்கிலச் சொல் போடுகிறார் என்று நான் விரல் மடக்குவேன். மற்றப்படி எங்களுக்குள் சண்டை இல்லை.

போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் இருக்கையில் உட்கார முதலே மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, இது பக்கா ஃபிராடு. இந்த கிராஃபப் பாருங்க."

பார்த்தேன். ஒரு மாவட்டத்தின் ஒரே நிலையம். நூற்றுப் பதினைந்து, பதினாறு, பதினேழு என்ற இடங்களில் கிட்டத்தட்ட ஒருவரும் இல்லை. நூற்றுப் பதினான்கில் ஒரு மேடு. பிள்ளைகளின் கைகள் அப்படி ஓர் எண்ணில் போய்க் குவிவதில்லை. யாரோ குவித்திருக்கிறார்கள்.

"ரூம்ல உக்காந்து நம்பர் அடிச்சு விட்டிருக்காங்க. நம்பத்தக்கதல்லன்னு போட்டுரலாம்," என்றார்.

அப்படிப் போட்டால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். வெளியிலிருந்து ஒரு குழு போய்ப் புதிதாக அளந்து வரும்வரை அந்த மாவட்டத்துக்கு எதுவும் போகாது. குழு போய் வருவதற்குள், அறுவடைக்கு முந்தைய பசி மாதங்கள் கழிந்துவிடும். குறிப்பை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

"வடிவாப் பாரும்," என்றேன். "இருந்த இடத்தில இருந்து அடிச்சவன் எண்டால் எல்லா எண்ணிலயும் அவன்ர கை தெரியும். நூறு, நூற்றுப்பத்து எண்டு முழு எண்ணாப் போட்டிருப்பான். இது அப்பிடி இல்லை. தொண்ணூற்றெட்டுப் பிள்ளை தொண்ணூற்றெட்டாவே இருக்கு. நூற்று முப்பதும் அப்பிடியே இருக்கு. எல்லைக்கு ஒரு நூல் மேல நிண்ட பிள்ளையளை மட்டும் பிடிச்சுக் கீழ இறக்கியிருக்கினம்."

"எப்படி இறக்க முடியும்?"

என் கைப்பையில் எப்போதும் ஒரு நாடா கிடக்கும். கோட்டைக் கழற்றச் சொன்னேன். பிள்ளைகளின் நாடா மேற்கைக்கு எட்டாததால் அவருடைய முழங்கைக்குக் கீழே சுற்றி அளந்தேன். பிறகு நாடாவின் நுனியைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், இழுத்தேன். மூன்று மில்லிமீற்றர் குறைந்தது. எதிரில் இருந்த நோர்வேக்காரர் வழக்கம்போல யன்னலுக்கு வெளியே பனியை ஆராய்ந்தார்.

"உங்களுக்கு எப்படிக்கா இது தெரியும்?"

"நானும் இழுத்தனான்," என்றேன்.

பத்தொன்பது வயதில், போரால் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். பிள்ளைகளை அளக்கத் தொண்டர் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்று நினைக்க வேண்டாம். அளக்கும் மேசை மரநிழலில் போட்டிருந்தது. சிவப்புப் பிள்ளைக்கு ஒரு பை சத்துமா. எல்லைக்கு மேலே நின்ற பிள்ளைக்கு வெறுங்கை. எங்கள் தேவாலயப் பங்குப் பிள்ளைகள், பக்கத்து வகுப்பறையில் படுக்கிறவர்களின் பிள்ளைகள், எனக்கு முகம் தெரிந்த தாய்மாரின் பிள்ளைகள் என்றால் என் விரல் தானாகக் கொஞ்சம் இழுத்தது. ஒருவரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. நான் அளவு எழுதிய கொப்பியையும் யாராவது கிராஃப் போட்டுப் பார்த்திருந்தால் இதே மேடுதான் தெரிந்திருக்கும்.

இவ்வளவையும் ரயிலில் சொன்னேன். ஒஸ்லோ வரும்வரை அவர் அந்த மேட்டையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "அப்ப என்னக்கா எழுதப் போறோம்? கண்டுக்காம விட்டுருவோமா?" என்று கேட்டார்.

அது நல்ல கேள்வி. கண்டும் காணாததுமாக விட எனக்கும் ஆசைதான். ஆனால் பைக்கற்றுகளுக்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது. நூற்றுப் பதினாறுக்குக் கொடுத்தால் கடைசியில் வருகிற தொண்ணூற்றெட்டுக்கு இருக்காது. கோப்பில் எட்டாம் மாதத்துக்குப் பிறகு வரிகளே இல்லை. அந்த வெற்றிடத்தை எங்கள் பிரிவுத் தலைவி, உயரமான, நல்ல மனதுள்ள நோர்வேப் பெண், போன வருட அறிக்கையில் "ஆண்டின் இறுதியில் பாதிப்பு இல்லாமல் போனது" என்று எழுதியிருந்தார். எல்லாரும் அதை வாசித்து மகிழ்ந்தோம். நானும் வாசித்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை அந்த நிலையத்தின் தாதியோடு காணொளியில் பேச ஒழுங்கு செய்தேன். என் வயதிருக்கும். நீலச் சீருடை, பின்னால் ஒரு மர அலுமாரி. அவருக்கும் எனக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் பேசினோம். கோயம்புத்தூர்த் தம்பி என் பக்கத்தில் இருந்தார். அவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று முதலே சொல்லி வைத்திருந்தேன்.

சுற்றி வளைக்காமல் மேட்டைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை.

"நூற்றுப் பதினாறோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் மூன்று வாரத்தில் நூற்றுப் பத்தாக வரும். சிலது வராது," என்றார். "உங்கள் நாடாவில் அதற்கு ஒரு நிறம் இருக்கிறதா?"

"இல்லை," என்றேன். "இனி இழுக்காமல் இருப்பீர்களா?"

"நூற்றுப் பதினாறுக்கும் ஏதாவது தாருங்கள். அன்றைக்கே நிறுத்துகிறேன்."

வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை என்பது அவருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தில் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்: "எட்டாம் மாதம் பைக்கற் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, இழுக்கவே தேவையில்லாத பிள்ளைகள் வந்தால் என்ன செய்கிறீர்கள்?"

அவர் எழுந்து போனார். தொடர்பை முறித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அலுமாரியைத் திறந்து, அட்டை கிழிந்த ஒரு பாடசாலைக் கொப்பியோடு திரும்பி வந்தார். பதிவேடு பைக்கற் கொடுத்த மாதங்களுக்கு மட்டும்தான் என்று மேலிடம் சொல்லியிருந்ததாம். முடிந்த பிறகு வந்தவர்களை இதில் எழுதி வைத்திருக்கிறார். பெயர், கிராமம், கையின் அளவு. யாரும் கேட்காததால் யாருக்கும் அனுப்பவில்லை.

கமெராவுக்குக் கிட்டப் பிடித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். நூற்றுப் பதினெட்டு, நூற்று மூன்று, நூற்றுப் பதினாறு, தொண்ணூற்றேழு, நூற்றுப் பதினைந்து. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கொடுக்க ஒன்றுமில்லாதபோது இழுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நான் பார்த்த அளவுகளுக்குள் மிகச் சுத்தமானவை அவை.

"கொடுக்க ஒன்றுமில்லாதபோது எதற்கு அளந்தீர்கள்?" என்று கேட்டேன்.

நான் ஏதோ விளங்காத கேள்வி கேட்டதுபோலப் பார்த்தார்.

"தாய்மார் கேட்பார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள். அளக்காமல் எப்படி அனுப்புவது?"

என் பக்கத்துக் கமெரா சரியில்லை என்று சொல்லி அணைத்தேன். கமெரா நன்றாகத்தான் இருந்தது. மிச்சப் பேச்சைத் தம்பிதான் பேசினார். பெயர்களை மறைத்துப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், நன்றி சொன்னார், வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, தேவையான இடத்தில் பொறுப்பாகப் பேசக்கூடிய ஆள்.

வியாழக்கிழமை காலை படங்கள் வந்து சேர்ந்திருந்தன. பக்கங்களைப் பங்குபோட்டுத் தட்டச்சு செய்வோம் என்றார் தம்பி. வேண்டாம், நானே அடிக்கிறேன் என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. வெண்ணெய் தடவிய பாண் துண்டுகளைப் பெட்டியோடு மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

குறிப்பில் நாலு விடயம் எழுதினேன். எல்லைக்கு அருகில் அளவுகள் கீழே இழுக்கப்பட்டிருக்கின்றன. மற்ற அளவுகளை நம்பலாம். எட்டாம் மாதத்துக்குப் பிந்தைய வெற்றிடம் பிள்ளைகள் இல்லாததால் வந்ததல்ல, பைக்கற் இல்லாததால் வந்தது, அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. அனுப்புவதை நிறுத்தாமல், எல்லைக்கு மேலே நிற்பவர்களுக்கும் சிறு பங்கு ஒதுக்கி, அளவை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க ஏற்பாடு செய்யலாம்.

தலைவி இரண்டு தரம் வாசித்தார். "இந்த அட்டவணைக்குப் படிவத்தில் இடமில்லையே," என்றார். பிறகு போன வருட அறிக்கையைத் திறந்து, தான் எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடம் உண்டாக்கப்பட்டது. அனுப்புவதும் நிற்கவில்லை. கேட்டதைவிடக் குறைவாகத்தான் போனது. நூற்றுப் பதினாறுகளுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. பைக்கற்றுகள் போன வருடத்தைவிடச் சில வாரங்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்து, அதற்குப் பிறகு முடிந்தன. தாதி இழுப்பதை நிறுத்திவிட்டாரா என்று கேட்டால், மேடு சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான் சொல்லலாம். முடிந்த பிறகு வந்தவர்களின் பக்கங்கள் இப்போது கேட்காமலே வருகின்றன.

தம்பிக்கு ரயிலில் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் இழுத்த இழுப்பில் அந்தப் பாடசாலை முகாமில் சத்துமா இரண்டு வாரம் முன்னதாகவே முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் காலை ஒரு பெண் வந்தாள். பிந்தி வந்து சேர்ந்த சனம். எங்கள் பங்குமில்லை, எனக்கு முகமும் தெரியாது. இடுப்பில் ஒரு பிள்ளை, துவாயால் சுற்றி.

"மா முடிஞ்சுது அக்கா. அடுத்த மாதம் வாங்கோ," என்றேன்.

"மா வேண்டாம் தங்கச்சி," என்றாள். "ஒருக்கா அளந்து மட்டும் சொல்லும், பிள்ளை எப்பிடி இருக்கிறான் எண்டு."

துவாயை விலக்கிக் கையை நீட்டிப் பிடித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒவ்வொருவருக்காக "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"குடுக்கிறதுக்கு ஒண்டுமில்லாமல் அளந்து என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டு மேசையை மடிக்கத் தொடங்கினேன். அவள் பிள்ளையின் கையை உள்ளே எடுத்து வைத்தாள். பிறகு துவாயை மூடிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் வரவில்லை. வேறு முகாமுக்குப் போயிருக்கலாம். அப்போது எல்லாரும் எங்கேயாவது போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

என்னிடம் நாடா இருந்தது. கொப்பி இருந்தது, பேனை இருந்தது. அந்தப் பிள்ளையின் கை எத்தனை மில்லிமீற்றர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.