ஒரே திசையில் இரண்டு அம்புகள்

வியாழக்கிழமை காலை என் மேஜைக்கு வந்த சீட்டில் ஒரு வரிதான் இருந்தது. ஸ்ரீவராகத்தில் தனியாக வசித்துவந்த, மராமத்து ஆபீசில் படம் வரைந்து ஓய்வுபெற்ற ஆறுமுகம் பிள்ளை காலமானார். மரணச் செய்தியில் உற்றாரின் பெயர்களைச் சேர்ப்பது எங்கள் பத்திரிகையின் வழக்கம். பல ஆண்டுகள் மாலைதோறும் அவருடன் நடந்த எனக்கு, சேர்க்க ஒரு பெயரும் தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பழவங்காடியில் ஒரு பஸ், முன்னால் போன பஸ்ஸின் பின்புறத்தில் இடித்தது. பின்னால் வந்ததன் வேகம் மணிக்கு இருபது மைல், முன்னால் போனதற்குப் பதினைந்து. இரண்டையும் கூட்டி, முப்பத்தைந்து மைல் வேகத்தில் மோதல் என்று எழுதினேன். அந்தச் செய்தியைக் காட்டியே, இடித்த பஸ்ஸின் டிரைவர் கோலப்பனின் லைசென்ஸைப் பறித்தார்கள்.

லைசென்ஸ் போன மறுநாள் பிள்ளை என் ஆபீசுக்கு வந்தார். கட்டம் போட்ட தாளில் இருபது கட்ட நீளத்துக்கு ஓர் அம்பு வரைந்தார். அதன் நுனியிலிருந்து பதினைந்து கட்டம் பின்னோக்கி இன்னோர் அம்பு. தொடங்கிய இடத்துக்கும் வந்து நின்ற இடத்துக்கும் நடுவே ஐந்து கட்டம் இருந்தது.

“ரெண்டு வண்டியும் ஒரே பக்கமாட்டுதானே போச்சு வேய்? அப்போ கழிக்கணும். கழிக்கதுண்ணா, ஒரு அம்பைத் திருப்பிப் போட்டுக் கூட்டுகது. இடிச்ச வேகம் அஞ்சு மைலு. மனுசன் ஓடினா இதைவிட வேகம்.”

“திருத்தம் போட்டா ஊரு சிரிக்கும் அண்ணாச்சி.”

“சிரிக்கட்டும். கோலப்பன் என்ன செய்வான்?”

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று வரித் திருத்தம் வந்தது. பிள்ளை அதைப் பற்றிப் பேசவே இல்லை. மாலை நடை மட்டும் தொடர்ந்தது.

பிள்ளையை எரித்தபோது சுடுகாட்டில் ஆறு பேர் இருந்தோம். ஒருவர் கோலப்பன்.

“லைசென்ஸ் போனதும் பொன்முடி எஸ்டேட்டுல கூலிக்குச் சேர்ந்தேன் சாரே. திருத்தம் வந்த பத்திரிகைத் துண்டும் அந்த அம்புப் படமும் கொண்டு அண்ணாச்சி மலைக்கு வந்தாரு. பஸ் கிடைக்கல்ல, நடந்தாக்கும் வந்தது. அதைக் காட்டித்தான் லைசென்ஸ் திரும்பக் கிட்டிச்சு.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“எழுதின சார் வரல்லியாண்ணு நான் கேட்டேன். ‘வருவாரு, மெதுவாட்டு வருவாரு’ண்ணாரு.”

நான் கோலப்பனைத் தேடிப் போகவே இல்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது ‘வருவாரு’ என்ற அந்த ஒரு வார்த்தைதான். இப்போது மாலையில் தனியே நடக்கும்போது, அதை அவர் குரலில் சொல்லிப் பார்க்கிறேன்.